திரும்பி நடந்த வழி

வெளிநாடு சென்று திரும்பும் குருவானவரிடம் இறைமக்கள் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "என்னென்ன கோயில் பார்த்தீங்க, ஃபாதர்?" 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முழுவதும், விடுமுறையில் சென்ற ஒரு பங்குத்தந்தைக்குப் பதிலாக ஆஸ்திரிய நாட்டு வியன்னா நகரில் மறைப்பணியாற்றிவிட்டு நாட்றாம்பாளையம் வந்து சேர்ந்த என்னிடமும் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள். புனித முடியப்பர் பேராலயத்தின் கோபுரத்தைப் பற்றியும், அதன் வண்ண ஓடு வேய்ந்த கூரையைப் பற்றியும் விரிவாகச் சொன்னேன். கேட்டவர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால், அந்த மாதத்தில் எனக்கெனக் கிடைத்த நான்கு ஓய்வு நாள்களில் ஒன்றைச் செடிவேலிகளுக்கு நடுவே வழி தவறி அலைவதற்கென்றே செலவிட்டேன் என்பதையும், ஊர் திரும்புமுன் இத்தாலியில் இன்னொரு நாளையும் அவ்வாறே கழித்தேன் என்பதையும் எவரிடமும் சொல்லவில்லை. ஐம்பத்து நான்கு வயதுக் குரு ஒருவர், காசு கொடுத்துச் சீட்டு வாங்கி, சிறுவர்களோடு சிறுவராய் அப்படி அலைந்தார் என்றால் சிரிக்கமாட்டார்களா?

நான் குறிப்பிடுவது புதிர்வழிகளை. ஆளுயரத்திற்கு மேல் அடர்த்தியாக வளர்த்து, சுவரைப்போல் நேராக நறுக்கிவிடப்பட்ட பசுஞ்செடி வேலிகளுக்கிடையே பின்னிப் பின்னிச் செல்லும் பாதைகள் அவை. ஐரோப்பிய அரசர்களும் பிரபுக்களும் தம் அரண்மனைத் தோட்டங்களில் பொழுதுபோக்கிற்காக அவற்றை அமைத்தனர். இலண்டனை அடுத்த ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் நட்டு வளர்த்த புதிர்வழி இன்றும் இருக்கிறது. பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று நடுவிடத்திற்குச் செல்லும், மற்றொன்று முட்டுச்சந்தில் கொண்டுபோய் நிறுத்தும். எது எது என்று நடந்து பார்த்தே அறிய வேண்டும்.

இவற்றின் மேல் எனக்கு ஏற்பட்ட ஆர்வம் ஐரோப்பாவில் பிறந்ததன்று. எங்கள் பாட்டியின் விரலில் பிறந்தது. மாலை நேரத்தில் முற்றத்து மணலில் பேரப்பிள்ளைகளை அமர வைத்து அவர் 'ஏழு சுற்றுக் கோட்டை' வரைவார். முதலில் ஒரு சிலுவை. அதன் நான்கு மூலைகளிலும் மூலைக்கொன்றாக நான்கு முழங்கால் கோடுகள். அவற்றுக்குள் நான்கு புள்ளிகள். பின்னர் சிலுவையின் தலையை அடுத்த கோட்டின் முனையோடு வளைவாகச் சேர்ப்பார். இடப்பக்கத்து முனையை வலப்பக்கத்து முனையோடு, ஒன்றுக்கு வெளியே ஒன்றாக, எட்டு வளைவுகள். கை எடுத்ததும் கோட்டை நிற்கும். "ராசாவப் போய்ப் பார்த்துட்டு வா" என்பார். ஈர்க்குச்சியை வைத்துக்கொண்டு நாங்கள் உள்ளே நுழைவோம்.

கத்தோலிக்கப் பாட்டி சிலுவையில் தொடங்கியதால் அது நம் சமயத்துக் கோலம் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். குருமடத்தில் படித்தபோதுதான் அது கிறிஸ்துவுக்கு முற்பட்ட வடிவம் என்றும், மத்தியதரைக்கடல் நாடுகளிலும் நம் நாட்டிலும் ஒரே அமைப்பில் காணப்படுவது என்றும் அறிந்தேன். ஜான் லேயார்டு என்ற ஆங்கில மானிடவியலார் 1937இல் தென்னிந்திய வாயிற்கோலங்களையும் பச்சைகுத்தும் உருவங்களையும் பற்றி எழுதியபோது இக்கோட்டையையும் ஆராய்ந்திருக்கிறார். தருமபுரி மாவட்டத்துக் கம்பைநல்லூரிலும், பொள்ளாச்சியை அடுத்த கெடிமேட்டிலும், எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பைரேகௌனியிலும் தரையில் கற்களை அடுக்கி அமைத்த பழங்காலப் புதிர்நிலைகள் உள்ளன. அடி பிசகாமல் உள்ளே சென்று திரும்பினால் நினைத்தது நடக்கும் என்பது மக்களின் நம்பிக்கை. எல்லை தாண்டிக் கர்நாடகத்து ஹளேபீடு கோயிலுக்குச் செல்வோர், அபிமன்யு நுழைந்த சக்கரவியூகத்தை இதே சுற்றுவழியாகச் சிற்பி செதுக்கியிருப்பதைக் காணலாம். நுழையத் தெரிந்து வெளியேறத் தெரியாதவன் கதை நமக்கெல்லாம் தெரிந்ததே.

ஆனால் பாட்டியின் கோட்டைக்கும் அரண்மனைத் தோட்டத்துப் புதிர்வழிக்கும் பெரிய வேறுபாடு ஒன்றுண்டு. பாட்டியின் கோட்டையில் வழி தவறவே முடியாது, கிளைப்பாதை கிடையாது, ஒரே வழி. நடப்பவனைக் குழப்புவது அதன் திருப்பங்களே. நுழைந்தவுடன் மூன்றாம் சுற்றில் கால் வைக்கிறான். அங்கிருந்து இரண்டாவதற்கும், பின் அனைத்திற்கும் வெளியே உள்ள முதற் சுற்றுக்கும் தள்ளப்படுகிறான். பிறகு நான்காவது, உடனே ஏழாவது. ஏழாம் சுற்று நடுவிடத்தை உரசிச் செல்கிறது. வந்துவிட்டோம் என்று எண்ணும் வேளையில் பாதை அவனை ஆறாவதற்கும் ஐந்தாவதற்கும் விலக்கிக்கொண்டு போகிறது. அந்த ஐந்தாம் சுற்றிலிருந்துதான் உள்ளே வாயில். அருகில் இருப்பவன் இன்னும் நடக்க வேண்டியவன். விலகிச் செல்பவன் வாயிலை நெருங்குபவன். வேண்டுமானால் வாசகர் ஒரு தாளில் வரைந்து பார்க்கலாம்.

நம் திருச்சபையும் இந்த ஒற்றை வழியையே தன் ஆலயத் தரைகளில் பதித்தது. அல்ஜீரியாவில், முன்பு ஒர்லேயான்வீல் எனப்பட்ட ஊரில், கி.பி. 324இல் எழுந்த பேராலயத்தின் தரையில் அமைந்த சுற்றுவழியின் நடுவே, எப்பக்கமிருந்து எழுத்துக்கூட்டினாலும் 'தூய திருச்சபை' எனப் பொருள்படும் இலத்தீன் சொற்களே வருமாறு எழுத்துகளைப் பதித்திருந்தார்கள். அந்தத் தரை இப்போது அல்ஜியர்ஸ் பேராலயத்தில் இருக்கிறது. பிரான்சு நாட்டுச் சார்த்ர் பேராலயத்தில் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதித்தது ஏறத்தாழ 13 மீட்டர் விட்டமுள்ளது, பதினொரு சுற்று, நடந்தால் 260 மீட்டருக்கும் மேல். ரேம்ஸ் பேராலயத்திலும் ஒன்றிருந்தது. வழிபாட்டு நேரத்தில் சிறுவர்கள் அதில் ஓடி விளையாடிக் கூச்சலிட்டதால் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கிருந்த குருக்கள் அதைப் பெயர்த்தெடுத்துவிட்டார்கள் என்பார்கள். அவர்களைக் குறை கூற எனக்குத் தகுதி இல்லை. செபமாலை நேரத்தில் கோவில் வளாகத்தில் பந்து விளையாடிய பிள்ளைகளின் பந்தைப் பறித்து அலமாரியில் பூட்டி வைத்தவன் நான்.

இனி, சொல்லத் தயங்கியதைச் சொல்கிறேன்.

நாட்றாம்பாளையம் அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் செல்லும் சாலையில் உள்ள மலைக்காட்டு ஊர். கேழ்வரகும் அவரையும் விளையும் மானாவாரி நிலம். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே வீட்டில் புழங்கும். இளைஞர்கள் பத்தாம் வகுப்போ தொழிற்பயிற்சியோ முடித்தவுடன் தேன்கனிக்கோட்டை வழியாக ஓசூர் தொழிற்பேட்டைக்குப் பேருந்து ஏறிவிடுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு பையன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, "நான் சாமியாராப் போறேன் ஃபாதர்" என்று வந்து நின்றபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சமன்று. அவனைக் குருமடத்தில் சேர்த்தவன் நான். அவன் பெட்டிக்குப் பூட்டு வாங்கிக் கொடுத்தவனும் நான். விடுமுறையில் அவன் பலிபீடத்தருகே நிற்கையில் முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் அவன் தாயின் முகத்தைப் பார்ப்பேன். (அவன் இசைவு பெற்றே இதை எழுதுகிறேன். பெயரை மட்டும் விட்டுவிடச் சொன்னான்.)

நான்காம் ஆண்டில், மெய்யியல் படிப்பின் நடுவே, ஒரு மாலையில் அதே பெட்டியோடு பங்கு இல்லத்து வாசலில் நின்றான்.

"வந்துட்டேன், ஃபாதர்."

"ஏன்?"

"இது எனக்கான வழி இல்லன்னு தெரிஞ்சுபோச்சு, ஃபாதர். தெரிஞ்சப்புறமும் அங்க இருந்தா பொய்யா இருக்கும்."

உட்காரச் சொல்லவில்லை. கலப்பையில் கை வைத்தபின் திரும்பிப் பார்ப்பவரைப் பற்றி ஆண்டவர் கூறியதை அவனுக்கு நினைவூட்டினேன். அத்தோடு விட்டிருக்கலாம். அடுத்த ஞாயிறு மறையுரையில் அதையே பேசினேன். பெயர் சொல்லவில்லை என்பது உண்மை. நாற்பது குடும்பங்கள் உள்ள ஊரில் பெயர் எதற்கு? அவன் தாய் முதல் வரிசையில் தலை குனிந்து அமர்ந்திருந்தார். அந்த வாரமே அவன் ஓசூருக்குப் போய்விட்டான். மூன்று ஆண்டுகள் ஊர்க் கோவிலுக்கு வரவில்லை.

இதை நான் தவறென்று உணராமல் இருந்தேன் என்பதே இக்கட்டுரையில் முக்கியமானது. வாக்குறுதிக்கு மதிப்பளித்தேன், இறையழைத்தலின் மேன்மையை உயர்த்திப் பிடித்தேன் என்றே எண்ணியிருந்தேன். வழி ஒன்றே, அதில் திரும்புதல் வீழ்ச்சி என்பது எனக்குள் ஊறிப்போயிருந்தது. வியன்னாவுக்கு விமானம் ஏறியபோதும் அந்த எண்ணம் அப்படியேதான் இருந்தது.

வியன்னாவில் ஷோன்புருன் அரண்மனைத் தோட்டத்தில் 1698க்கும் 1740க்கும் இடையே ஒரு புதிர்வழியை அமைத்தார்கள். பராமரிப்பின்றிப் போய், எஞ்சிய பகுதியையும் 1892இல் வெட்டி அகற்றிவிட்டார்கள். நூறாண்டு கழித்து, 1990களின் இறுதியில், பழைய வரைபடத்தைத் தழுவி மீண்டும் நட்டிருக்கிறார்கள். பரப்பு 1,715 சதுர மீட்டர்; அரை ஏக்கருக்கும் குறைவு. நடுவே ஒரு பார்வை மேடை. இவ்வளவு சிறிய இடத்தில் வழி தவறுவதா என்ற அலட்சியத்தோடு உள்ளே போனேன்.

கால் மணி நேரம் ஆயிற்று. அரை மணியும் ஆயிற்று. மேடையின் கைப்பிடி வேலிக்கு மேலே தெரிகிறது. அங்கு நிற்பவர்களின் பேச்சு காதில் விழுகிறது. அதை நோக்கிப் போகும் ஒவ்வொரு பாதையும் என்னை முட்டுச்சந்தில் நிறுத்தியது. எனக்குள் ஒரு பிடிவாதம். திரும்பி நடப்பது ஏதோ தோல்வி என்பதுபோல், முட்டிய இடத்திலேயே நின்று செடிகளுக்கிடையே இடுக்கு ஏதும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகஸ்டு மாத வெயில். சட்டைக் காலர் நனைந்துவிட்டது.

அப்போது ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி ஓடிவந்தாள். வேலியைத் தொட்டாள். "ஸாக்காஸே!" என்று கூவினாள். முட்டுச்சந்து என்பதற்கு அவர்கள் மொழியில் அதுதான் சொல். கூவிவிட்டுக் கைகொட்டிச் சிரித்தாள். சிரித்தபடியே திரும்பி வந்த வழியே ஓடினாள். சற்று நேரத்தில் வேறொரு மூலையிலிருந்து மீண்டும் "ஸாக்காஸே!" மீண்டும் சிரிப்பு. அவள் தகப்பன் எங்கோ பின்தங்கி, மூச்சு வாங்க, அவளைப் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடத்திற்குள் அவள் மேடை மேல் நின்று எனக்குக் கையசைத்தாள். ஒவ்வொரு முட்டுச்சந்தும் அவளுக்கு ஒரு செய்தி: இங்கே இல்லை, வேறிடம் பார். எனக்கோ அது ஓர் அவமானம்.

அவள் போன தடத்தைப் பிடித்துக்கொண்டு நானும் மேடையை அடைந்தேன். மேலிருந்து பார்த்தால் வேடிக்கையாக இருந்தது. மேடைக்கு ஒட்டிய வேலிக்கு அப்பால் ஓர் இளைஞன் நின்றான், கைக்கெட்டும் தூரம், ஆனால் அவன் நின்றது முட்டுச்சந்து. இன்னொருவன் எங்களுக்கு முதுகைக் காட்டி வெளிவேலியை நோக்கி நடந்துகொண்டிருந்தான். அவன் கால் வைத்திருந்ததோ சரியான பாதை. பாட்டியின் ஏழாம் சுற்றும் ஐந்தாம் சுற்றும் நினைவுக்கு வந்தன. கூடவே, குருமடப் பெட்டியோடு வாசலில் நின்றவனும் நினைவுக்கு வந்தான். இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

இறையியல் படித்தவனுக்கு இங்கே ஒரு சிக்கல் எழ வேண்டும், எனக்கும் எழுந்தது. ஆலயத் தரையின் ஒற்றை வழி நம் விசுவாசத்தின் வடிவம். அதை விட்டு விலகலாகாது என்பது சரியே. ஆனால் அந்த ஒரே வழியில் நடக்கும் ஒவ்வொருவனும் தன் வாழ்நிலையைத் தேடுவது புதிர்வழியில்தான். குருத்துவமா, இல்லறமா, எந்தத் தொழில், எந்த ஊர் என்பனவெல்லாம் கிளைப்பாதைகள். அங்கே முட்டுச்சந்து உண்டு. திரும்பி நடப்பதும் உண்டு. மெசியாவைக் கண்ட கீழ்த்திசை ஞானிகளே வந்த வழியில் திரும்பவில்லை. திருச்சபையும், அந்த நீண்ட உருவாக்கக் காலத்தை ஆய்ந்தறிவதற்கென்றே வைத்திருக்கிறது. இல்லையெனில் முதல் நாளே திருப்பட்டம் கொடுத்துவிடலாமே! இது நான் அறியாத பாடமன்று. தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிய பாடம். என் கையால் அனுப்பிய பையன் திரும்பி வந்தபோது அது மறந்துபோயிற்று. என் மகிழ்ச்சி கலைந்த கோபத்தை ஆண்டவரின் சொல்லுக்குள் வைத்துப் பேசிவிட்டேன்.

ஊர் திரும்புமுன் பதுவா நகருக்குப் போனேன். புனித அந்தோனியாரின் கல்லறைமேல் கை வைத்துச் செபிக்க வேண்டும் என்பது என் தாயின் ஆசை. அவர் இருந்தபோது நிறைவேறவில்லை. காணாமற்போனதைக் கண்டுபிடித்துத் தரும் புனிதரிடம் என்ன கேட்டேன் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். பதுவாவிலிருந்து வெனிஸ் செல்லும் வழியில், ப்ரெந்தா ஆற்றங்கரையில், ஸ்த்ரா என்னும் ஊர். அங்குள்ள பிசானி மாளிகைத் தோட்டத்துப் புதிர்வழி 1720ஐச் சேர்ந்தது. அந்த மாளிகையை 1807இல் நெப்போலியன் வாங்கினான். ஹிட்லரும் முசோலினியும் 1934 சூனில் முதன்முதலாகச் சந்தித்துக்கொண்டதும் அங்கேதான். திரும்பி நடக்கத் தெரியாத மூவர் என்று எண்ணிக்கொண்டேன். நடுவே ஒரு கோபுரம். அதைச் சுற்றி இரண்டு சுழற்படிகள். உச்சியில் அறிவுத் தெய்வமாகிய மினெர்வாவின் சிலை. கோபுரத்தின் மேல் நிற்பவர் கீழே தவிப்பவர்களுக்கு, இடப்பக்கம், வலப்பக்கம் என்று குரல் கொடுப்பதுண்டு. அப்படிக் குரல் கொடுத்தவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவரும் இதே செடிகளுக்கிடையே நடந்துதான் மேலே ஏறியிருக்க வேண்டும். கோபுரத்திற்கு வேறு வழி கிடையாது.

செப்டம்பரில் ஊர் வந்தேன். இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். திருவிழா, கூட்டம், மழை என்று காரணங்களுக்குப் பஞ்சமில்லை. பின்னர் ஒரு புதன்கிழமை ஓசூருக்குப் பேருந்து ஏறினேன். அஞ்செட்டி மலைச்சாலையின் இருபுறமும் உண்ணிச்செடி ஆளுயரத்திற்குப் புதராக மண்டிக் கிடக்கிறது. அதற்குள் மாடுகள் போட்ட தடங்கள் பின்னிச் செல்கின்றன. எந்தத் தடத்தின் வளைவில் யானை நிற்கும் என்று தெரியாமல்தான் நம் மக்கள் அன்றாடம் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் உள்ளே போகிறார்கள். பொழுதுபோக்கிற்குப் புதிர்வழி தேடிக் கடல் கடந்தவனுக்கு அது உறைத்தது.

நான்கு பேர் தங்கும் ஓர் அறை. அவன் மட்டும் இருந்தான், இரண்டாம் ஷிப்ட். என்னைக் கண்டதும் திடுக்கிட்டு எழுந்து, கட்டிலில் கிடந்த துணிகளை ஒதுக்கினான்.

"அம்மாவுக்கு ஏதாச்சும்…?"

"அம்மா நல்லா இருக்காங்க. நான் உன்னத்தான் பார்க்க வந்தேன்."

தெருமுனைக் கடைக்கு அழைத்துப் போய்த் தேநீர் வாங்கித் தந்தான். காசு கொடுக்க என்னை விடவில்லை. அளவுபார்க்கும் பிரிவில் வேலை, ஒப்பந்தத்தில்தான், நிரந்தரமாக்குவதாகச் சொல்கிறார்கள் என்றான். வழியெல்லாம் மனத்தில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த சொற்கள் ஒன்றும் வரவில்லை.

"அன்னைக்கு உன்ன உட்காருன்னுகூட சொல்லல. கோவில்லயும் பேசினேன். தப்பு பண்ணிட்டேன் தம்பி. மன்னிச்சுக்கோ."

அவன் தேநீர்க் குவளையைச் சுழற்றிக்கொண்டே இருந்தான்.

"எங்கிட்ட சொன்னதுகூடப் பரவால்ல, ஃபாதர். அம்மா முன்னால…" என்று தொடங்கி, முடிக்கவில்லை.

நானும் பேசவில்லை. நிறுவனத்துப் பேருந்து வரும் நேரம் ஆகிவிட்டது. அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். சாலையைக் கடக்கப் போனவன் நின்று கேட்டான்:

"அம்மா இப்ப கோவில்ல எங்க உட்காருறாங்க, ஃபாதர்?"

"பின்னால. கடைசித் தூண் ஓரமா."

தலையசைத்தான். பேருந்து வந்தது. ஏறி, சன்னலோரம் இடம் பிடித்து அமர்ந்தான். போக்குவரத்து நெரிசலில் நெடுஞ்சாலைக்குத் திரும்ப வண்டிக்கு நெடுநேரம் ஆயிற்று. திரும்பும் வரையில் நான் அங்கேயே நின்றேன். அவனும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.